அம்மா அப்பா கல்யாணத்துக்கு நாங்கள் போன கதை

என்னிடம் டியூஷன் படிக்க வரும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, போன மாதம் நூலகத்திலிருந்து ஒரு கதைப் புத்தகம் கொண்டுவந்திருந்தாள். எங்கோ ஒரு நாட்டுச் சண்டையில் தாய் தகப்பனை இழந்த அக்காவும் தம்பியும் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குப் பிள்ளைகளாகிற கதை. படித்து முடித்துவிட்டு, "மிஸ், கதையில எழுதறாங்க, சரி. நெஜத்துல யாராச்சும் தெரியாத பிள்ளைகளக் கூட்டிட்டுப் போய் வெச்சுக்குவாங்களா?" என்று கேட்டாள்.

"வெச்சுக்குவாங்க கண்ணு" என்றேன். அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது இலங்கையில் மன்னார்ப் பக்கம், கடலோரத்து ஊர். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு நாலு. எங்கள் வீட்டின் மேல் ஷெல் விழுந்தபோது நான் தம்பியைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குக் கூட்டிப் போயிருந்தேன். அதைப் பற்றி இவ்வளவுதான் என்னால் எழுத முடியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களைத் தங்களோடு வைத்திருந்து, ஒரு வாரம் கழித்து இந்தியாவுக்குப் போகிற படகில் ஏற்றிவிட்டார்கள். அவர்களுக்குப் படகில் இடம் கிடைக்கவில்லை. "அடுத்த படகில வாறம்" என்றார்கள். அவர்களை அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

படகுக்காரர் எங்களைக் கரையில் இறக்கவில்லை. தனுஷ்கோடிக்கு முன்னால் கடலுக்குள் இருக்கும் மணல் திட்டு ஒன்றில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். முப்பது பேர் இருந்திருப்போம். ஒரு மரம் கிடையாது. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. தம்பி அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தான். அப்போது ஒரு அக்கா எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு இருந்தார். தன் துணிப்பையைத் தலைக்குமேல் பிடித்துத் தம்பிக்கு நிழல் காட்டினார். கையிலிருந்த போத்தலில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. மூடியில் ஊற்றி அவனுக்குக் கொடுத்தார், எனக்குக் கொடுத்தார். அவர் குடித்ததை நான் பார்க்கவில்லை.

எதிரே இருந்த ஒரு பெண், "தாய் தகப்பன் இல்லாத பிள்ளையளைப் பெடியன் வேற இடம், பெட்டை வேற இடம் எண்டு பிரிச்சு அனுப்புவினமாம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். பையனையும் பெண்ணையும் பிரிப்பார்கள் என்பது உண்மையா பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு நான் அதை நம்பினேன். தம்பியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். வெயில் சாய்ந்த நேரத்தில் மீனவர்கள் வந்து ஏற்றிக்கொண்டு கரை சேர்க்கும்வரை அந்தப் பிடியை விடவில்லை. அவன் கையில் என் விரல் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது.

மண்டபம் அகதிகள் முகாமில் பெயர் பதியும் வரிசை. எங்களுக்கு முன்னால் அந்த அக்கா நின்றார். அதிகாரி நல்ல மனிதர்தான், களைத்துப் போயிருந்தார். அக்காவைப் பார்த்து, "எத்தனை பேரும்மா?" என்று கேட்டார்.

அக்கா திரும்பி எங்களைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

"மூண்டு பேர் ஐயா. நானும் என்ரை ரெண்டு பிள்ளையளும்."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "உங்க வயசு?"

"முப்பது."

"முப்பதா?"

"பட்டினி கிடந்தா வயசு தெரியாது ஐயா."

"பிள்ளைங்க பேரு?"

அக்காவுக்கு எங்கள் பெயர் தெரியாது. அவர் முகம் மாறவே இல்லை. என் தோளைத் தொட்டு, "ஐயா கேக்கிறார், ரெண்டு பேற்றை பேரையும் வடிவாச் சொல்லு பிள்ளை" என்றார். நான் சொன்னேன்.

"வீட்டுக்காரர்?"

அக்கா ஒரு பெயர் சொன்னார். "எங்கே அவர்?" என்று அதிகாரி கேட்க, "பின்னால வாறார்" என்றார்.

அவ்வளவுதான். அட்டையில் எழுதி, முத்திரை குத்தி, மூன்று பேருக்குப் பாயும் பாத்திரமும் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அக்கா ஒரு சுவரில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினார். பிறகு குனிந்து என்னிடம், "இனி எல்லாருக்கும் முன்னால என்னை அம்மா எண்டு கூப்பிடோணும், சரியோ?" என்றார். தம்பி அந்த நிமிடமே "அம்மா" என்றான். எனக்கு வாய் வரவில்லை. அக்கா என்று கூப்பிடக்கூடாது, அம்மா என்று கூப்பிட முடியவில்லை. அதனால் ஒரு வருடம் அவரை நான் எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல், பக்கத்தில் போய் நின்று பேசினேன்.

சில வாரங்களில் எங்களைப் பஸ்ஸில் ஏற்றி, கோபிசெட்டிபாளையத்திலிருந்து அரைமணி தூரத்தில் இருந்த ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். ஜன்னலுக்கு வெளியே வாழை, நெல், வாய்க்கால், மறுபடி வாழை. தார்ஷீட் கூரை போட்ட ஒரே அறைதான் எங்கள் வீடு. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அக்கா முகாமை ஒட்டிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்.

அந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்கார அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கூலிக்காரப் பெண்களோடு தானும் குனிந்து மஞ்சள் வெட்டுவார். முகாமில் எல்லோரும் அவரைத் தோட்டத்தம்மா என்று சொல்வார்கள். முதல் சனிக்கிழமை நாங்களும் கூடப் போனோம். தோட்டத்தம்மா தம்பியைப் பார்த்ததும், "ஏஞ்சாமி, பசிக்குதா? வா, என்ற ஊட்டுக்குப் போலாம், சோறு திங்கலாம்" என்று அவன் கையைப் பிடித்தார்.

தம்பி ஆச்சரியத்தோடு என்னிடம் ஓடிவந்தான். "அக்கா, இவ 'என்ரை' எண்டு சொல்லுறா. இவ எங்கட ஊரோ?"

எனக்கும் அப்படித்தான் கேட்டது. கடல் தாண்டி, பஸ்ஸில் ஒரு பகல் முழுக்க வந்து சேர்ந்த ஊரில், எங்கள் வீட்டுச் சொல்லை ஒருவர் சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் அவர் பின்னால் போனோம்.

ஒரு வருடம் இப்படிப் போனது. ஒருநாள் மத்தியானம் முகாம் குழாயடியில் நான் குடத்தோடு நின்றிருந்தேன். சட்டையெல்லாம் புழுதியோடு ஓர் இளைஞர் வந்து, அக்காவின் பெயரைச் சொல்லி, எந்த வீடு என்று கேட்டார். நான் காட்டக் கூட்டிப் போனேன். நடந்துகொண்டே, நான் யாருடைய பிள்ளை என்று தெரிந்துகொள்ள, "நீ ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார்.

"அம்மான்ரை" என்றேன், எங்கள் அறைக் கதவைக் காட்டி. அந்தச் சொல் என் வாயிலிருந்து முதல்முறையாக வந்தது அப்போதுதான். அந்த மனிதர் நடுவழியில் நின்றுவிட்டார்.

பிற்பாடு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் முப்பது வயது என்று பதிந்தவருக்கு அன்று இருபத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. அவருடைய முறை மச்சானோடு பேச்சு முடிந்து, நாள் குறிக்கிற நேரத்தில் சண்டை மூண்டு, ஆளுக்கொரு திசையில் ஓடியிருக்கிறார்கள். அதிகாரி புருஷன் பெயர் கேட்டபோது வேறு எந்தப் பெயரும் வாயில் வராமல் அந்த மச்சான் பெயரைச் சொல்லிவிட்டார். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே அப்போது தெரியாது.

மச்சான் உயிரோடு இருந்தார். தாயையும் இரண்டு தம்பிகளையும் சண்டையில் பறிகொடுத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து அவரும் படகேறி மண்டபம் வந்தார். அங்கே ஒரு குமாஸ்தா பட்டியலைப் புரட்டிப் பார்த்து, "உங்க பேருதானே? உங்க சம்சாரமும் ரெண்டு பிள்ளைங்களும் கோபிப் பக்கம் இருக்காங்களே!" என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். இருபத்தைந்து வயது, கல்யாணமாகாத மனிதர். பட்டியலில் தன் பெயருக்கு நேரே மாமன் மகளின் பெயரைப் பார்த்தார். அதன்கீழே தெரியாத இரண்டு பிள்ளைகளின் பெயர்கள். "ஓம், என்ரை ஆக்கள்தான்" என்று சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். எதையும் விசாரிக்காமல் எப்படி ஒரு மனிதரால் அப்படிச் சொல்ல முடிந்தது என்று இன்றும் எனக்கு வியப்புத் தீரவில்லை.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. கண்ணில் பட்டது இதுதான். அம்மா அவரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இரண்டு பேரும் வாய்க்கால் ஓரமாகப் போய் வெகுநேரம் பேசினார்கள். பேச்சின் நடுவே அவர் எங்கள் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பொழுது சாய்ந்ததும், எங்கள் அறைக்கு வராமல், முகாமின் கடைசி வரிசையில் தனியாள்கள் தங்கியிருந்த அறைக்குப் போய்விட்டார். மறுநாளும் அங்கேதான். அதற்கடுத்த வாரமும் அங்கேதான். காலையில் சுண்ணாம்பு அடிக்கும் வேலைக்குப் போவார். மாலையில் தம்பிக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

முகாமில் பேச்சு கிளம்பியது. புருஷன் வந்தும் பெண்டாட்டியோடு சேரவில்லை, என்னவோ சண்டை என்றார்கள். எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்தது. நாங்கள்தான் காரணம். பதினோரு வயதில் அதைவிட வேறு என்ன தோன்றும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பள்ளிக்கூடப் பைக்குள் எங்கள் இரண்டு பேரின் உடுப்பையும் வைத்தேன். தம்பிக்குத் தலை சீவினேன். அவர் ஒரு ரேஷன் கடைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். அவர் ஏணிக்குக் கீழே போய் நின்றேன்.

"நாங்கள் போறம். எங்களை எங்கயாவது பிள்ளையள் படிக்கிற இடத்தில கொண்டுபோய் விடுங்கோ. நீங்கள் அவவைக் கலியாணம் கட்டுங்கோ. ஆனா ரெண்டு பேரையும் ஒரே இடத்தில விடோணும்."

மனப்பாடம் செய்துகொண்டு போனது. கடைசி வரியில் மட்டும் குரல் உடைந்துவிட்டது.

அவர் சுண்ணாம்பு மட்டையை வாளியில் போட்டுவிட்டு இறங்கி வந்தார். ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். முகத்திலும் புருவத்திலும் வெள்ளைத் துளிகள்.

"மண்டபத்தில ஒருத்தர் எனக்கு மூண்டு பேர் இருக்கினம் எண்டு சொன்னார் பிள்ளை. எனக்கு ஆருமே இல்லை எண்டு நினைச்சுக்கொண்டுதான் அந்தப் படகில வந்தனான். பஸ்ஸில வரேக்க முழுக்க, மூண்டு பேர், மூண்டு பேர் எண்டு எண்ணிக்கொண்டு வந்தனான். இப்ப நீ வந்து ஒராள்தான் எண்டு சொல்லுறாய். அது சரிவருமோ?"

"அப்ப ஏன் எங்கட வீட்டுக்கு வாறியள் இல்லை?"

அவர் காது வரைக்கும் சிவந்துபோனார். "தாலி கட்டாமல் எப்பிடி வாறது? கட்டுவம் எண்டா, பதிவில எனக்கு உன்ரை வயசில ஒரு மகள். ஆரிட்டப் போய்க் கேக்கிறது, எனக்குக் கலியாணம் செய்து வையுங்கோ எண்டு?"

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் வாளிக்குள் கையை விட்டு, சுவரில் தன் கையை ஐந்து விரலும் தெரியப் பதித்துக்கொண்டிருந்தான். நான் பையை மண்ணில் போட்டுவிட்டு அழுதேன். பயம் போனால் அழுகை அப்படி வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முகாமுக்குள் யாரிடமும் வாய் திறக்க முடியாத அந்த விஷயம் தோட்டத்தம்மாவின் காதுக்குப் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்ற வம்பாகப் போனது. அடுத்த சனிக்கிழமை மஞ்சள் காட்டில் அவரே அம்மாவை மடக்கினார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஏ அம்மணி, ஊட்டுக்காரரு வந்துங்கூட ஆளுக்கொரு பக்கம் இருக்கறீங்களாமா? உன்னைய அடிக்கறாரா? சொல்லிப்போடு, எங்கூட்டுக்காரரை உட்டுக் கேக்கச் சொல்றேன்."

அம்மா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மணல் திட்டு, வரிசை, எட்டு வயதைக் கூட்டிச் சொன்னது, வாயில் வந்த பெயர், அந்தப் பெயர்க்காரர் நடந்து வந்தது. தோட்டத்தம்மா கேட்டுக்கொண்டே இருந்தவர், அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ இந்தப் புள்ளைகளப் பெக்கலியா?"

"இல்லை அம்மா."

"இருவத்திரெண்டு வயசுல, கண்ணாலங்கூட ஆகாம, ரெண்டு புள்ளைகளுக்குத் தாயின்னு எழுதிக் குடுத்துப்போட்டு வந்தியா?" அவர் அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கையெல்லாம் மண். "அட என்ற சாமி. நானெல்லாம் என்னத்தப் பொழைச்சேன் போ."

கொஞ்ச நேரம் கழித்துச் சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். "செரி, கண்ணாலத்த நம்ம தோட்டத்துல வெச்சுக்கலாம். யாருகிட்டயும் கேக்க வேண்டாம்."

தோட்டத்தின் மேற்கு மூலையில் வாய்க்காலை ஒட்டிக் கன்னிமார் கோயில் இருந்தது. ஏழு கல், ஒரு வேப்பமரம். அங்கேதான் பந்தல் போட்டார்கள். வாழையை வெட்டி வந்து கட்டினார்கள். கொங்குக் கல்யாணங்களில் சீர்களை நடத்திவைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்பார்கள். பக்கத்து ஊரிலிருந்து அப்படி ஒருவர் வந்திருந்தார். தோட்டத்தம்மாவின் சொந்தக்காரர்கள் சிலரும், முகாமிலிருந்து, அதன்பிறகு நம்பி விஷயத்தைச் சொல்லிவைத்த நாலைந்து பேரும் இருந்தார்கள். எனக்குப் பட்டுப்பாவாடை, தம்பிக்கு ஒரு குட்டி வேட்டி. அவன் தன் வேட்டியை நாலுமுறை தொலைத்தான்.

காலை வெயில் ஏறியபோது அருமைக்காரர் கேட்டார். "மாப்ளைக்குக் கூடப்பொறந்தவ யாருங்க? இணைச்சீருக்கு வந்து நிக்கோணுமுங்க."

இணைச்சீர் என்பது அங்கே கல்யாணத்துக்கு முன்னால் நடக்கிற சீர். மாப்பிள்ளையோடு அவருடைய சகோதரியையும் நிறுத்தி, மணப்பெண்ணுக்கான கூறைச்சேலையால் இரண்டு பேரையும் இணைப்பார்கள். பெண்டாட்டி வந்தாலும் கூடப்பிறந்தவளை விடமாட்டேன் என்பதற்கு அடையாளம். எங்கள் ஊரில் அப்படி ஒன்று இல்லாததால் யாரும் அதை யோசித்திருக்கவில்லை. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் என்று உலகத்தில் யாரும் மிச்சமில்லை.

வாய்க்கால் ஓடுகிற ஓசை மட்டும் கேட்டது.

தோட்டத்தம்மா கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நா இருக்கறனுங்க."

சொந்தக்காரர் ஒருவர் எழுந்துவிட்டார். "ஏனுங்க, என்ன பேசறீங்க? எந்தூரு, என்ன வகையறான்னு தெரியாம நீங்க போயி நின்னா நாளைக்கு ஒறம்பரைக என்ன சொல்லுவாங்க?"

"சொல்றவிய சொல்லட்டுமுங்க. என்ற தம்பிக்கு நாஞ் சீரு செய்யாம வேற யாரு செய்வா?"

எல்லோரும் தோட்டத்தம்மாவின் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் அதிகம் பேசாத மனிதர். துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, "மச்சானுக்கு மால எங்கீங்க?" என்று மட்டும் கேட்டார். மச்சான் என்று அவர் சொன்னது எங்கள் அப்பாவைத்தான்.

அருமைக்காரர் கூறைச்சேலையைக் கையில் எடுத்தார். பிறகு, "வா அம்மணி, வந்து நில்லு" என்றார்.

சேலையின் ஒரு முனையை அப்பா பிடித்திருக்க மறுமுனையைத் தோட்டத்தம்மா பிடித்திருந்தார். அப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. கையில் சேலை இருந்ததால் அவரால் துடைக்க முடியவில்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் தோட்டத்தம்மாவாக இருந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எங்கள் அத்தையாகிவிட்டார். ஒன்றரை வருடத்துக்குள் நான் இழந்ததும் பெற்றதும் என் சிறிய தலைக்குள் அடங்கவில்லை. அன்று சாப்பிட்ட கச்சாயத்தின் இனிப்பு மட்டும் இப்போதும் நாக்கில் இருக்கிறது.

அத்தை சொன்ன உறவு ஒருநாள் கூத்தாக முடியவில்லை. கொங்குநாட்டில் பொங்கலுக்கு அண்ணன் தம்பிகள் கூடப்பிறந்தவளுக்குச் சீர் கொண்டுபோக வேண்டும். அடுத்த பொங்கலுக்கு அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு, ஒரு சேலையும் ஒரு வாழைத்தாரும் தோளில் சுமந்து வாய்க்காலைத் தாண்டிப் போனார். ஏக்கர் கணக்கில் வாழை வைத்திருப்பவருக்கு வாழைத்தார்! வழியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். அத்தை வாசலுக்கு வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம், தன் தோட்டத்துத் தாரை விட்டுவிட்டு அந்தத் தாரிலிருந்துதான் பழம் பிய்த்துக் கொடுத்தார். "என்ற தம்பி கொண்டாந்தது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அன்று எழுந்து நின்று எதிர்த்த சொந்தக்காரரும் இரண்டு பழம் தின்றார்.

நான் படித்துக் கோவைக்கு வந்து, கல்யாணமாகி, துடியலூரில் குடியிருக்கிறேன். தம்பி திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அம்மாவும் அப்பாவும் இன்னும் அதே முகாமில்தான். தார்ஷீட் போய் இப்போது கான்கிரீட் வீடு. அப்பா ஒரு பொங்கலுக்குக்கூடச் சீரை விட்டதில்லை.

இந்தப் பொங்கலுக்கு, துடியலூரில் என் வீட்டில் வந்து தங்கியிருந்த அம்மாவோடு பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். "அம்மா, அண்டைக்கு வரிசையில என்ன நினைச்சு அப்பிடிச் சொன்னியள்?"

அம்மா யோசித்துப் பார்த்தார். இப்போது அம்மாவின் பேச்சில் இரண்டு ஊரும் கலந்து கிடக்கும்.

"என்னத்த நெனைக்கிறது கண்ணு? வரிசை நகந்துபோட்டுது. அந்த ஐயா கேட்டுப்போட்டார். யோசிக்க நேரம் இருந்திருந்தா நான் பயந்திருப்பன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிப்போனார். பதிவேட்டில் அவருக்கு இருப்பதைவிட எட்டு வயது குறைந்த முகம் அது. நான் அந்த முகத்தையே கோபி வரும்வரை பார்த்துக்கொண்டு வந்தேன்.

அத்தைக்கு எண்பது ஆகிவிட்டது. கண் மங்கிவிட்டது. அப்பா சேலையை நீட்டியதும் தடவிப் பார்த்து, "என்ன கலருங்க தம்பி?" என்று கேட்டார்.

"மாம்பழக் கலருங்க அக்கா. பச்சைக் கரை."

"போன வருசமும் அதே கலருதான் எடுத்தாந்தீங்க" என்றார் அத்தை. அப்பா தலையைச் சொறிந்தார். அத்தை சிரித்துக்கொண்டே அந்தச் சேலையைக் கட்டிக்கொள்ள உள்ளே போனார்.